தீர்மானமும் திரவியமும்

எங்கள் உம்மம்மாவின் முகமெங்கும் பெரியம்மைத் தழும்புகள். சிறுவயதில் அவர்களின் மடியில் படுத்துக்கொண்டு அவற்றை விரலால் தடவிப் பார்ப்போம். “என்னோடு படுத்த தங்கச்சி எழும்பவே இல்லை, வாப்பா” என்பார்கள். அதற்குமேல் பேசமாட்டார்கள். எங்கள் தலைமுறையில் முகம் தப்பியது. புயத்தில் அம்மை குத்திய வடு மட்டும் நின்றது. எங்கள் பேரப்பிள்ளைகளுக்கோ அந்த வடுவும் இல்லை. “இது என்ன?” என்று அவர்கள் அதைத் தொட்டுக் கேட்கும்போது மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் எழுகிறது. இந்த நலத்துக்குக் கொடுத்த விலையை உலகம் மறந்து வருகிறதே!

பெரியம்மை தானாய் ஒழிந்த நோயன்று. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் அது சுமார் 30 கோடி உயிர்களைக் குடித்தது என்பர். அதனை உலகினின்றே ஒழிக்க வேண்டுமென 1958இல் சோவியத் நாடு கூற, மறு ஆண்டு உலக சுகாதாரப் பேரவை அவ்வாறே தீர்மானித்தது. தீர்மானம் இருந்தது; திரவியம் இல்லை. ஆண்டுகள் பல வீணே கழிந்தன. 1966இல்தான் இதற்கென ஆண்டுக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்கும் யோசனை பேரவைக்கு வந்தது. செல்வ நாடுகள் பல முகஞ்சுளித்தன. இரண்டே வாக்குகள் மிகுதியால் அது தேறியது.

1967இல் பணி முடுக்கிவிடப்பட்டது. ஒன்றையொன்று பகைத்து நின்ற அமெரிக்காவும் சோவியத்தும் இதில் மட்டும் தோள்கொடுத்தன. 1975 மே மாதத்தோடு இந்தியா விடுபட்டது. 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில், மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவ் மாலின் என்பவருக்குக் கண்டதே இயற்கையாய்த் தொற்றிய கடைசிப் பெரியம்மை. 1980 மே 8ஆம் நாள், நோய் ஒழிந்ததெனப் பேரவை அறிவித்தது. முடுக்கிவிட்ட அப்பணிக்கு ஆன செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர். மூன்றில் இரு பங்கை நோய்ப்பட்ட நாடுகளே தாங்கின. ஒரு நூற்றாண்டில் மாண்டவர் தலைக்கு ஒரு டாலர்! கொடுத்தவர்களுக்கும் நட்டமில்லை; அம்மை குத்தும் செலவே அவர்களுக்கு மிச்சமாயிற்று.

பிழைத்தெழுந்த மாலின், பின்னாளில் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்துப் பணியில் சேர்ந்தார். ஊசிக்கு அஞ்சித் தாம் அம்மை குத்திக்கொள்ளாத கதையைப் பெற்றோரிடம் சொல்லி, அத்தவற்றைச் செய்யாதீர்கள் என்பார். 2013இல் அந்நோய் சோமாலியாவில் மீண்டும் தலைகாட்டியபோது, அப்பணியில் இருக்கையிலேயே மலேரியாவால் மாண்டார். ஒழிக்கப்பட்ட நோய் அவரை விட்டுவிட்டது. ஒழிக்கப்படாத நோய் கொண்டுபோயிற்று.

அந்த மலேரியாவையும் காசநோயையும் எய்ட்ஸையும் எதிர்க்கவே 2002இல் உலக நிதியம் தோன்றியது. அதன் பொருளில் பெரும்பங்கு அரசுகள் தருவது. 2022இல் அதற்கு 1,570 கோடி டாலர் தருவதாக வாக்களிக்கப்பட்டது. 2025 நவம்பரில் 1,800 கோடி கேட்டபோது, மாநாட்டில் அறிவிக்கப்பட்டது 1,134 கோடியே. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே அமெரிக்கா தன் அயல்நாட்டு உதவியை நிறுத்திவைத்து, பின்னர் பெருமளவு வெட்டியிருந்தது.

“எங்கள் ஏழைகள் இருக்கையில் அயலாருக்கு ஏன்?” என்று கேட்கும் அரசுகளுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் பள்ளிவாசல் ஹவுளைத் துப்புரவாக்கக் கொடுக்கும் காசு யாருக்கு இடும் பிச்சை? எல்லாரும் முகம் கழுவும் நீரல்லவா அது! தொற்றுநோயும் அத்தகையதே, எல்லைச் சாவடியில் அது அனுமதி கேட்டு நிற்பதில்லை. கொடுப்பதாகச் சொன்ன பணம் அமானிதம். அது தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், எங்கோ ஒரு வீட்டில் ஒரு தங்கச்சி எழும்பாமற் போகிறாள்.

உம்மம்மாவின் அந்தத் தங்கையின் பெயரை எங்கள் பேத்திக்குச் சூட்டியிருக்கிறோம். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், 1966இல் மிகுதியாய் விழுந்த அந்த இரண்டு வாக்குகளை நினைத்துக்கொள்கிறோம்.