தம்பி கொடுத்த வாக்குமூலம்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நாட்களில், யூடியூபில் பொலிஸ் விசாரணைக் காணொளிகளைப் பார்ப்பதே என் பொழுதுபோக்கு. சிறிய அறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு கதிரைகள். சந்தேகநபர் மூக்கைத் தடவினால் பொய், கண்ணைத் தாழ்த்தினால் பொய் என்று ஒரு குரல் விளக்கும். ஆளைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்க நானும் கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

ஒருநாள் உம்மா அலுமாரியில் வைத்த 1,000 ரூபாவைக் காணவில்லை. 9 வயதுத் தம்பியைக் கதிரையில் இருத்தினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சட்டை நுனியைத் திருகினான். எனக்கு அது போதும்.

"நீ எடுத்ததை உம்மும்மா கண்டிருக்கிறா. ஒத்துக்கொண்டால் வாப்பாவிடம் சொல்லமாட்டேன்" என்றேன். உம்மும்மா எதையும் கண்டிருக்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் அவன் அழுதபடி, "நான்தான் எடுத்தேன் ராத்தா" என்றான். பெருமிதத்தோடு உம்மாவிடம் ஓடினேன்.

மறுநாள், மின்சாரப் பட்டியலுக்குள் மடித்தபடி பணம் கிடைத்தது. உம்மாவே வைத்துவிட்டு மறந்திருந்தார்.

"எடுக்காததை ஏன் எடுத்ததாகச் சொன்னாய்?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அப்பதானே நீங்க என்னை விடுவீங்க."

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. செய்யாத குற்றத்தை ஒருவர் ஒப்புக்கொள்வாரா என்று தேடியபோதுதான் நியூயோர்க் சென்ட்ரல் பார்க் வழக்கைப் பற்றி வாசித்தேன். 1989ஆம் ஆண்டு அங்கே ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையான ஐந்து சிறுவர்கள் மணிக்கணக்கில் விசாரிக்கப்பட்டனர். நால்வர் கமராவின் முன்னே குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மரபணுச் சோதனை அவர்களில் எவருடனும் பொருந்தவில்லை. ஆனாலும் ஐவரும் சிறை சென்றனர். 2002இல் வேறொருவர் தானே குற்றவாளி என்றார். அவருடைய மரபணு பொருந்தியது. ஐவர் மீதான தீர்ப்புகளும் நீக்கப்பட்டன. ஆனால் அவர்கள் இழந்த இளமையை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

இல்லாத சாட்சியை இருப்பதாகச் சொல்லி விசாரிக்க அமெரிக்கப் பொலிஸாருக்குப் பெரும்பாலும் சட்டம் இடமளிக்கிறது. உம்மும்மாவின் பெயரால் நான் சொன்னதும் அதுதானே! பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொய்யையும் உண்மையையும் மனிதர் சரியாகப் பிரித்தறிவது 100க்கு 54 தடவைகள்தான் என்று தெரியவந்திருக்கிறது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். பயந்தவனும் கண்ணைத் தாழ்த்துவான், பொய்யனும் தாழ்த்துவான்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் உடனே சிரித்துவிட்டான். ஆனால், இன்றும் வீட்டில் ஏதாவது காணாமற்போனால் அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறான்.