புதிய பதிப்பு வரும் வழி

கைபேசி வைத்திருப்போர் பலரும் ஒன்றை அறிவர். இரவில் உறங்கிக் காலையில் எழுவதற்குள் அதிலுள்ள செயலிகளுள் இரண்டு மூன்று புதிய உருவம் பெற்றுவிடும். நாம் கேட்டதும் இல்லை. நம்மைக் கேட்டதும் இல்லை. இதற்கு முற்றிலும் மாறான ஒரு போக்கை என் கணிப்பொறியில் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அதில் இயங்குவது டெபியன் என்னும் இயங்குதளம்.

ஐயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் டெபியனைத் தொடங்கினார். இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதனைப் பேணி வருகின்றனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் நிலையான பதிப்பு வெளிவரும். பன்னிரண்டாம் பதிப்பு 2023 ஜூனிலும் பதின்மூன்றாம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன. 'டாய் ஸ்டோரி' திரைப்படங்களில் வரும் பாத்திரங்களின் பெயர்களையே பதிப்புகளுக்குச் சூட்டுவர். முன்னது புக்வர்ம், பின்னது டிரிக்ஸி.

ஒரு நிலையான பதிப்பு வெளிவந்தபின், அதிலுள்ள பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு எண் அடுத்த வெளியீடு வரை மாறுவதில்லை. "இது என்ன, பழங்கஞ்சியாக இருக்கிறதே!" என்று என் நண்பர் ஒருவர் நகைத்தார். அவர் நகைப்பில் நியாயம் உண்டு. ஆயினும் புதியவை வந்து சேரும் வழியை அறிந்தால் அந்நகைப்புச் சற்றுக் குறையும்.

புதிய மென்பொருள் முதலில் 'நிலையற்றது' என்னும் கிடங்கில் நுழைகிறது. அதற்குச் சிட் என்று பெயர். பொம்மைகளை உடைத்து மகிழும் சிறுவன் அவன், பெயர் பொருத்தமானதே. அங்குச் சில நாள் பெருங்குறை ஏதும் தென்படாவிடில் அது 'சோதனை' என்னும் அடுத்த கிடங்கிற்குச் செல்லும். வெளியீட்டிற்குச் சில மாதங்களுக்கு முன்னரே புதியன புகுவதை நிறுத்திவிட்டுக் குறை களைவதில் மட்டும் ஈடுபடுவர். பின்னரே அது நிலையான பதிப்பாகும்.

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இவ்வழியின் அருமை உலகுக்குப் புலப்பட்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட் என்னும் சிறு மென்பொருளில், ஈராண்டுக்கு மேலாக நல்லவரைப் போல் உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், கள்ளவழி ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். அதன் வழியே தொலைவிலிருந்து பிறர் கணிப்பொறிக்குள் புகலாம். 5.6.0, 5.6.1 என்னும் புதிய பதிப்புகளில் அந்நஞ்சு கலந்திருந்தது. அவை டெபியனின் நிலையற்ற கிடங்கையும் சோதனைக் கிடங்கையும் எட்டிவிட்டன. நிலையான பதிப்பிலோ பழைய 5.4.1 இருந்தது, அது தப்பியது. கண்டறிந்தவர் ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர். நிலையற்ற பதிப்பில் பணிபுரிந்தபோது, கணிப்பொறியில் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை நொடி மிகுதியாவதை அவர் உணர்ந்தார். அரை நொடியை யார் பொருட்படுத்துவார்! அவர் பொருட்படுத்தினார். புதியதோடு இடர்ப்பட்டு வாழ முன்வரும் இத்தகையோர் இருப்பதாலன்றோ என்போன்றோர் பழையதோடு அமைதியாக வாழ்கிறோம்?

பழையது என்றும் தூயது என்று எண்ணிவிடலாகாது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீடு என்னும் கொடிய பிழை வெளிப்பட்டபோது, அன்றைய நிலையான பதிப்பிலிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளிலும் அது இருந்தது. டெபியனார் புதிய பதிப்பைக் கொண்டுவரவில்லை. பிழை நீக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய 1.0.1e பதிப்பிலேயே ஒட்டுப் போட்டனர். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது பழையது. உள்ளேயோ ஓட்டை அடைபட்டிருந்தது.

எனினும் புதியது உண்மையிலேயே வேண்டியிருக்கும் வேளையும் உண்டு. 2024-இல் நான் வாங்கிய மடிக்கணினியில் கம்பியில்லா இணைப்பு இயங்கவில்லை. அதிலுள்ள உறுப்பு, புக்வர்மின் கெர்னலுக்குப் பின் பிறந்தது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. பிறவாத பிள்ளையை அது எவ்வாறு அறியும்?

இதற்கென்றே பேக்போர்ட்ஸ் என்னும் தனி வாயில் இருக்கிறது. முன்னர்த் தனிமுயற்சியாக இருந்த இது, 2010-இல் டெபியனின் பணியாக ஏற்கப்பட்டது. சோதனைக் கிடங்கை எட்டிய புதிய பதிப்பை எடுத்து, நிலையான பதிப்பின் துணை நிரல்களோடு பொருந்துமாறு மீண்டும் தொகுத்து இங்கே வைப்பர். சோதனைக் கிடங்கிலிருந்து நேரே எடுத்தாலோ, ஒன்றை இழுக்கப் பத்து வரும். வாயிலைத் திறந்து வைத்தாலும், பெயர் சொல்லிக் கேட்டாலன்றி எதுவும் தானே உள்ளே வாராது. நிலையான பதிப்புக்குள்ள அளவு சோதனையும் காவலும் இவற்றுக்கு இல்லை. ஆதலின் தேவையானதை மட்டும் கேட்பதே தக்கது.

நான் கம்பி வழியே இணைத்துக்கொண்டு, கெர்னலையும் அவ்வுறுப்புக்குரிய இயக்கக் கோப்பையும் மட்டும் கேட்டுப் பெற்றேன். கணிப்பொறியை மீண்டும் தொடங்கியவுடன் இணைப்பு உயிர் பெற்றது. மற்றவை எல்லாம் 2023-இல் இருந்தபடியே இருந்தன. டிரிக்ஸி வந்தபோது அந்த உறுப்பை அறிந்த கெர்னல் அதனுடனேயே வந்தது. நான் அத்தனி வாயிலை மூடிவிட்டேன்.