காசு குடுத்து விழுந்த கதை

“ஏத்தா, காசு குடுத்து விழப் போறியாக்கும்?”

போனில் அம்மா கேட்டுச்சு. பனிச்சறுக்குன்னா என்னான்னு நான் கால் மணி நேரம் விளக்கிச் சொன்னதுக்குப் பிறகு வந்த கேள்வி இது. காலில் ரெண்டு நீளப் பலகையை மாட்டிக்கிட்டு மலை உச்சிக்குப் போவார்கள், சறுக்கிக்கொண்டே கீழே வருவார்கள், திரும்பவும் மேலே போவார்கள் என்றேன். “எறங்குறதுக்கா ஏறுறாங்க?” என்று சிரித்தது. பிறகு கொஞ்சம் கவலையாக, “கைய கால ஒடிச்சுக்கிட்டா ஆரு பாப்பா?” என்றது. சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. கவலைக்கும் அப்போது பதில் இல்லை.

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சாக இருக்கிறேன். ஊர் விருதுநகர்ப் பக்கம் கரிசக்காடு. அம்மா பருத்தி எடுக்கப் போகும். அது இல்லாத நாளில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். அப்பா ஏர் ஓட்டினவர். ஜெர்மன் மொழி படிக்க வாங்கின கடனை அடைத்து முடிக்கவே ரெண்டு வருசம் ஆனது. இப்போது தம்பி படிக்கிறான். மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் போக வேண்டும். இந்தக் கணக்கில் மலைக்கும் பனிக்கும் இடமில்லை என்றுதான் இருந்தேன்.

ஆனால் என் வேலையே அந்த மலையைத் தினமும் என் கண்ணில் காட்டிக்கொண்டிருந்தது. நான் குளிப்பாட்டி விடுகிற தாத்தா பாட்டிகள் பலருடைய அறையிலும் சுவரில் ஒரு போட்டோ தொங்கும். இளம்வயசில் பனியில் பலகையோடு நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற போட்டோ. பெற்ற பிள்ளை பெயரை மறந்துபோன ஒரு பாட்டி, அந்தப் போட்டோவைக் காட்டினால் முழங்காலை லேசாக மடக்கிக் காட்டும். உடம்பு மறக்கவில்லை. எங்க அம்மா உடம்பு எதை மறக்காமல் வைத்திருக்கும்? குனிந்து எடுத்ததை, தூக்கிச் சுமந்ததை. விளையாடினதை? அம்மா விளையாடி நான் பார்த்ததே இல்லை. அந்த நினைப்பு வந்தபிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

எங்க இல்லத்தில் துப்புரவு வேலை பார்க்கிற ஒரு அக்கா பல்கேரியாக்காரர். பீரின் மலையடிவாரத்தில் ரஸ்லோக் என்கிற ஊர். பக்கத்திலேயே பான்ஸ்கோ. 2003இல் அங்கே புது ரோப் கார் போட்ட பிறகு ஓட்டல் ஓட்டலாக முளைத்து, வெளிநாட்டார் சறுக்க வருகிற பெரிய இடமாகிவிட்டது. அந்த அக்கா ஜெர்மனி வருமுன் அங்கே ஓட்டல் அறைகளைத் துடைத்தவர். “பதினோரு வருசம் துடைச்சேன். ஈரமான பூட்ஸ் தடத்த எல்லாம் நான்தான் துடைச்சேன். ஒரு நாள்கூட அந்தப் பலகையில நான் ஏறினதில்ல” என்றார். எனக்கு எங்க ஊர் ஞாபகம் வந்தது. ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “போவோமா?” என்று யார் முதலில் கேட்டோம் என்று இப்போது நினைவில்லை. எங்களோடு வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் அக்காவும் சேர்ந்துகொண்டார். மூன்று பேர் ஆனோம்.

இனிமேல் கணக்கு. கணக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பணம் இருக்கிறவன் கணக்குச் சொல்ல மாட்டான், அவனுக்குத் தேவையில்லை. நம்ம பிள்ளைகள் யாராவது இங்கே படிக்கவோ வேலைக்கோ வந்திருந்தால் உதவட்டும்.

முதலில் நாள். ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும், பிப்ரவரிப் பள்ளி விடுமுறையிலும் எல்லா விலையும் ஏறிவிடும். நடுவில் ஜனவரியில் ஒரு பள்ளம் விழும். ஜெர்மன்காரர்களே அதை ‘ஜனவரிப் பள்ளம்’ என்றுதான் சொல்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அப்போது போக முடியாது. எங்களைப் போல கிறிஸ்துமஸ் ராத்திரியெல்லாம் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும். அதுவும் வார நடுவில். வார நடுவில் விமானமும் மலிவு, அறையும் மலிவு. நம்மை வஞ்சித்த டூட்டி அட்டவணை இந்த ஒரு தடவை நமக்கு வேலை செய்தது.

ரெண்டாவது இடம். ஆஸ்திரியா எங்களுக்குப் பக்கம். விடிவதற்கு முன் கிளம்பி ராத்திரி திரும்புகிற ஒருநாள் பஸ் இருக்கிறது, லிப்ட் சீட்டும் சேர்த்தே விற்கிறார்கள். சறுக்கத் தெரிந்தவர்களுக்கு அதுதான் ஆகச் சிக்கனம். எங்களுக்கு நிற்கவே தெரியாது. அங்கே தங்கிக் கற்றுக்கொள்ளலாம் என்றால், பல விடுதிகள் சனி முதல் சனி வரை ஒரு வாரத்துக்குத்தான் அறை தருகின்றன. தாழ்வான மலைகளில் வாடகை குறைவு. ஆனால் பூமி சூடாகிக்கொண்டே போவதால் அங்கே பனியை நம்ப முடியாது, போய்ச் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். பான்ஸ்கோவில் ஊர் 900 மீட்டர் சொச்சம் உயரத்தில் இருந்தாலும் சறுக்குப் பாதைகள் 2,500 மீட்டர் வரை ஏறுகின்றன. சாப்பாடும் அறையும் ஆல்ப்ஸ் விலையில் பாதிகூட இல்லை.

மூன்றாவது சாமான். ஒன்றும் வாங்கவில்லை. பலகை, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் எல்லாம் அங்கே வாடகை. நனையாத கால்சட்டையைப் பழைய துணிக்கடையில் எடுத்தேன். முதல்தடவை வருகிறவர்களுக்கு லிப்ட், வாடகை, பயிற்சி மூன்றையும் சேர்த்து ஒரே கட்டணமாகத் தருகிறார்கள், தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவு. சோபியாவுக்கு மலிவு விமானம், சீட்டுக்கு அடியில் வைக்கிற பையோடு. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ, பிறகு பஸ். 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். செப்டெம்வ்ரியிலிருந்து பான்ஸ்கோ வழியாக ஓடுகிற குறுகல் தண்டவாள ரயில் ஒன்று இருக்கிறது, அக்கா சின்ன வயசில் போனது. ஆனால் அதில் ஐந்து மணி நேரம், எங்களிடம் அவ்வளவு நேரமில்லை.

நான்காவது, அம்மா கேட்ட கேள்வி. கை ஒடிந்தால் யார் பார்ப்பது? ஜெர்மன் அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டை இருக்கிறது, அரசு மருத்துவத்துக்கு அது செல்லும். மலையிலிருந்து தூக்கி இறக்குகிற செலவுக்கும் தனியார் மருத்துவத்துக்கும் அது செல்லாது. அதற்குத் தனியாக ஒரு பயணக் காப்பீடு போட்டோம். வேலைக்குப் போக முடியாமல் போனால் ஆறு வாரம் சம்பளம் உண்டு என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது, விளையாட்டில் விழுந்ததற்கும்கூட. இதை அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. “வெளாண்டு ஒடிச்சதுக்குக் கூலியா?” என்றது. தீப்பெட்டி ஆபீசில் கை வெந்தபோது அதற்கு ஒரு நாள் கூலியும் கிடைக்கவில்லை.

ஆளுக்கு விமானம் 54 யூரோ, பஸ்ஸும் மெட்ரோவும் 26, மூன்று ராத்திரி அறை 60, காப்பீடு 12, சாப்பாடு 48, மலைக்கு மட்டும் 230. ஆக 430. அன்றைய விலையில் ஏறக்குறைய 38 ஆயிரம் ரூபாய்.

இந்தத் தொகையை எழுதி வைத்துக்கொண்டு ரெண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு எத்தனை மாத உழைப்பு? நமக்கெல்லாம் எதுக்கு இது என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று யோசித்தேன். அம்மாவுடையது இல்லை. அம்மா விழுந்துவிடுவேனோ என்றுதான் பயந்தது. நாம் சம்பாதிக்கலாம், கடன் அடைக்கலாம், படிக்க வைக்கலாம். உடம்பைச் சும்மா சந்தோசத்துக்கு ஆட்டுவது மட்டும் நமக்கு ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வைத்தவர்களின் குரல் அது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடுதல் டூட்டி பார்த்தேன். வீட்டுக்குப் போக வேண்டிய பணம் குறையாமல் போனது. டிக்கெட் எடுத்தேன்.

தேதி பார்த்தபோதுதான் தெரிந்தது. 2025 ஜனவரி 14, செவ்வாய். பொங்கல். “பொங்கலும் அதுவுமா விழப்போறா” என்று அம்மா தம்பியிடம் சொல்லிச் சிரித்ததாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே ரோப் காருக்கு வரிசை. ஆறு கிலோமீட்டருக்கு மேல் பைன் மரங்களுக்கு மேலே தொங்கிக்கொண்டே போனோம். அந்தக் காட்டைக் காட்டி அக்கா சொன்னார். பீரின் தேசியப் பூங்கா 1983இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2017 டிசம்பரில் அரசு விதியை மாற்றி இன்னும் சறுக்குப் பாதை போட வழிசெய்தபோது, 2018 ஜனவரியில் சோபியாவில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “ரூம் இருந்தாத்தான துடைக்கிற வேல? மரம் போனா தண்ணியும் போகும். ரெண்டுக்கும் நடுவுல வச்சு எங்கள நசுக்கினாங்க” என்றார். அந்தக் காட்டுக்கு மேலே சீட்டு வாங்கித்தான் நாங்களும் தொங்கிக்கொண்டிருந்தோம். அதை மறைத்து எழுத முடியாது.

பூட்ஸ் இரும்பு மாதிரி. நடக்கவே முடியாது. பயிற்சி தந்த பையன் முதலில் சொன்னது, பலகைகளின் முன்பக்கத்தைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வை. வேகம் குறையும். இதற்குப் பெயர் கலப்பை. ஆங்கிலத்திலும் கலப்பை, ஜெர்மனிலும் கலப்பை. எனக்குச் சட்டென்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு மாட்டுப் பொங்கல். எங்கப்பா முப்பது வருசம் ஏர் ஓட்டினார், ஒரு குழிகூட அவருக்குச் சொந்தமில்லை. மாட்டுப் பொங்கலுக்கு அவர் குளிப்பாட்டி விட்டதும் அடுத்தவன் மாட்டைத்தான். நான் பனியில் கலப்பை போட்டுக்கொண்டு நிற்கிறேன். விதைக்க ஒன்றுமில்லை, அறுக்க ஒன்றுமில்லை. சும்மா. சும்மா இருக்கிற அந்தச் சுகத்துக்கு அழுகை வந்தது. பனிக் கண்ணாடிக்குள்ளே யாருக்கும் தெரியவில்லை.

பிறகு விழுந்தேன். எண்ணிப் பார்த்தது பதினேழு தடவை, அதற்குமேல் எண்ணவில்லை. பிலிப்பைன்ஸ் அக்கா வேலியில் போய் முட்டினார். பல்கேரியா அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. அவர்தான் எங்கள் மூவரில் முதலில் விழாமல் கீழே போய்ச் சேர்ந்தவர். கீழே நின்று ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் மொழியில் என்னமோ கத்தினார். பக்கத்தில் நின்ற வெளிநாட்டார் கை தட்டினார்கள். இவர் தங்கள் அறையைத் துடைத்தவராக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது.

வியாழன் சாயங்காலம் அக்கா எங்களை ஊர் நடுவில் ஒரு பழைய வீட்டுக்குக் கூட்டிப் போனார். நிக்கோலா வாப்த்சாரவ் என்கிற கவிஞர் 1909இல் பிறந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். கடல் இயந்திரப் பள்ளியில் படித்தவர், காகித ஆலையில் வேலை பார்த்தவர். உயிரோடு இருந்தபோது வந்தது ஒரே தொகுப்பு, 1940இல். 1942 ஜூலையில் சோபியாவில் சுட்டுக் கொன்றார்கள். வயசு 32. சறுக்க வருகிறவர்கள் எத்தனை பேர் அந்த வாசலைக் கடந்து பீர்க்கடைக்குப் போகிறார்கள்! பான்ஸ்கோ போகிற தோழர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்கே போய்விட்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை திரும்பினோம். உடம்பு முழுக்க வலி. பெரியவர்களைத் தூக்கி வருகிற வலி எனக்குத் தெரியும், இது வேறு வலி. ஒன்று சொல்ல வேண்டும். அப்போது அங்கே லெவா நாணயம், 2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவிலும் யூரோ. நான் சொன்ன விலைகளைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோவில் பனியைக் காட்டினேன். “பருத்தி வெடிச்ச கணக்கா இருக்கு” என்றது. நான் விழுகிறதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தது.

“எம்புட்டு ஆச்சு?”

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. முப்பத்தெட்டாயிரம் என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அம்புட்டுமா?” என்றது. கொஞ்ச நேரம் கழித்து, “சரி, அந்தக் குளுருக்கு என்னத்தத் தின்ன?”

“மொச்சக்கொட்டக் கொழம்பு மாதிரி ஒண்ணும்மா. ரொட்டி தொட்டு.”

“வயிறு நெறையத் தின்னியா?”

“தின்னேன்.”