நொறுங்கும் தோட்டாவும் நம் சேரிச் சுவரும்

ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் யாராவது ஒரு மாணவர் கேட்பார்: “நமக்கு மட்டும் ஏன் துப்பாக்கி கூடாது?” அமெரிக்கத் துப்பாக்கிக் காணொளிகளைப் பார்க்கும் தம்பிகள் இப்போது ஒரு படி மேலே போய், “நொறுங்கும் தோட்டா தற்காப்புக்கு ஏற்றதுதானே? சுவரைத் துளைக்காதாமே, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்தில்லையாமே?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. அடிபட்டவர்களின் கேள்வி இது. பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். செம்புத் தூளையும் வெள்ளீயத் தூளையும் அழுத்திச் செய்யும் நொறுங்கும் தோட்டா, பயிற்சிக்கூடத்தில் எஃகு இலக்கின் மேல் சுடுவதற்காக உருவானது. எஃகில் பட்டால் பொடியாகும். தெறித்துத் திரும்பிச் சுட்டவரைத் தாக்காது. ஆனால் மென்மையான உடலில் அது பெரும்பாலும் நொறுங்காமலே போய்விடும். 1970களில் வந்த கிளேசர் சேஃப்டி ஸ்லக் வேறு வகை. செம்பு உறைக்குள் சிறு ஈயக் குண்டுகள் நிரப்பியது. பட்டதும் சிதறும், ஆனால் ஆழமாகப் போகாது. 1986இல் மயாமியில் நடந்த மோதலில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். அதன் பிறகு அந்த அமைப்பு, தோட்டா குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்று வரையறுத்தது. சிதறும் வகைத் தோட்டாக்கள் பொதுவாக அந்த அளவை எட்டுவதில்லை. ஆக, தோட்டாவைப் பற்றி மட்டும் கேட்டால் பதில் எளிது: பயிற்சிக்கு நல்லது, தற்காப்புக்கு நம்பத் தகுந்ததல்ல.

ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு படம் இருக்கிறது. உறுதியான வீடு, தனியாக நுழையும் ஒரு திருடன், சுட்டபின் வீட்டுக்காரர் சொல்வதை நம்பும் போலீஸ். நம் கதை அப்படியா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணிக்குத் துப்பாக்கியோடு வந்தது நிலக்கிழார் கூட்டம். ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1997 டிசம்பர் 1 அன்று பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் ரண்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் தண்டிக்கப்பட்ட 26 பேரையும் விடுதலை செய்தது. கூட்டமாக வருகிறவனிடம் ஆயுதமும் நிலமும் இருக்கின்றன. ஸ்டேஷனும் அவன் பக்கம் சாய்கிறது. ஓலைக் குடிசைக்குள் இருப்பவரிடம் எந்தத் தோட்டா இருந்தால் இந்தக் கணக்கு மாறும்?

சட்டத்தையும் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 3ஆவது விதி, தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் துப்பாக்கி உரிமம் தரலாம் என்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. ஆனால் ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் கேட்டால் அருகிலுள்ள காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்பார்கள். நம் புகாரை வாங்க மறுத்து விரட்டும் அதே ஸ்டேஷன், நம் கையில் துப்பாக்கி இருக்கலாமா என்று எழுதும். சுட்ட பிறகோ, தேவைக்கு மீறிச் சுட்டாயா, போலீஸைக் கூப்பிட நேரம் இருந்ததா என்று சட்டம் கேட்கும். தற்காப்பு உரிமை எல்லோருக்கும் உண்டு. அதை நிரூபிக்கும்போது சாட்சிக்கு யார் வருவார்கள் என்பதில் சாதி இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதை யோசித்தவர்கள்தான். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் ‘டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்’ உருவானது. கூ கிளக்ஸ் கிளான் கும்பலிடமிருந்து தம் தெருக்களைக் காக்க ஆயுதத்தோடு ரோந்து போனார்கள். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி உரிமை. பின்னால் வாக்குரிமைக்காகத் திரண்ட ஒரு பேரியக்கம் நின்றது. 1965இல் போகலூசாவில் மத்திய அரசே கிளான் மீது வழக்குத் தொடரும் நிலை வந்தது. துப்பாக்கி அந்தப் போராட்டத்தில் ஒரு பகுதி மட்டுமே.

தோழர்களே, அதே 3ஆவது விதிக்கு இன்னொரு பக்கம் உண்டு. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதியை அரசு அடையாளம் காண வேண்டும். தேவைப்பட்டால் அங்குள்ள மற்ற சாதியினரின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தப் பக்கத்தை. உங்கள் மாவட்டத்தில் எத்தனை பகுதிகள் அடையாளம் காணப்பட்டன, எத்தனை உரிமங்கள் ரத்தாயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 17ஆவது விதிப்படி மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூடியதா என்று கேளுங்கள். கூட்டக் குறிப்பின் நகலை வாங்குங்கள்.

நம் சேரிச் சுவர் எந்தத் தோட்டாவையும் தாங்காது. அதனால், சுடக்கூடியவன் கையிலிருக்கும் துப்பாக்கியை முதலில் கீழே வைக்கச் செய்வோம். அதற்கான சட்டம் 1995 முதல் இருக்கிறது. மனு எழுத ஒரு தாளும், நாலு பேர் சேர்ந்து கலெக்டர் அலுவலகம் போக ஒரு நாளும் போதும்.