முதல் மாத்திரைக்கு முன் ஒரு வரி

மனநல ஓ.பி.யில் புதிதாக உட்கார வரும் பி.ஜி. பிள்ளைகளுக்கு மருந்துப் பெயர்களெல்லாம் தலைகீழாகத் தெரிந்திருக்கும். எஸ்சிடாலோப்ராம் எத்தனை மில்லிகிராம், செர்ட்ரலின் எப்போது என்று கேட்டால் பட்டென்று சொல்வார்கள். நான் அவர்களுக்குப் பழக்குவது ஒரு வரியை. மன அழுத்த மாத்திரையை முதல் தடவை எழுதும் முன்னால் கேஸ் ஷீட்டில் அது வந்துவிட வேண்டும்: ஆசை எப்படி, விறைப்பு அல்லது ஈரம் எப்படி, உச்சம் வருகிறதா, அந்த இடத்தில் தொடு உணர்வு சரியாக இருக்கிறதா. மாத்திரையை நிறுத்திப் பல மாதம் கழித்து ஒருவர் வந்து, "மனசு சரியாயிடுச்சு சார், ஆனா அந்த விஷயம் மட்டும் திரும்பவே இல்லை" என்று நிற்கும்போது நாம் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அது இல்லையென்றால் முன்பே இருந்த குறையா, நோய் கொண்டுவந்ததா, மருந்து விட்டுப்போனதா என்று பிரிக்க வழியே இல்லை.

எனக்கு இதைப் பழக்கியவர் எங்கள் யூனிட் சீஃப். அவர் கேட்கும் விதத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும். தூக்கம், பசி, மலம், சிறுநீர் என்று வரிசையாக இறங்கி வருவார். கூட வந்த மாமியாரையோ அண்ணனையோ, "கீழே போய் இந்தச் சீட்டுக்கு மருந்து வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். சீட்டில் பெரும்பாலும் பி காம்ப்ளக்ஸ்தான் இருக்கும். பேனாவை மூடி வைப்பார். பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேட்ட அதே குரலில், "வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கறதெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்பார். குரல் துளியும் தாழாது. நாம் குரலைத் தாழ்த்தினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. இப்போது நான் பெண் நோயாளிகளிடம் கேட்கும்போது ஸ்டாஃப் நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். பல சமயம் அவரையே கேட்கவிடுகிறேன். பதில் இன்னும் தெளிவாக வருகிறது.

ஸ்பெயினில் மோந்தெஹோ குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வொன்று உண்டு. இந்த வகை மருந்து சாப்பிட்ட 344 பேரில் தாமாக வாய்திறந்து பாலுறவுத் தொல்லையைச் சொன்னவர்கள் 14 சதவீதம். நேராகக் கேட்டபோது 58 சதவீதம். சீஃபிடம் அந்தக் கட்டுரையைக் காட்டினேன். "சரி, அடுத்த நோயாளியைக் கூப்பிடு" என்றார்.

நம் ஊரில் கேட்டால் மட்டும் போதாது, பதிலைப் பிரிக்கவும் தெரிய வேண்டும். ஆண்கள் "நரம்புத் தளர்ச்சி" என்பார்கள். அதற்குள் சர்க்கரை இருக்கும், கைப்பழக்கத்தைப் பற்றிய குற்ற உணர்ச்சி இருக்கும், லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் கிளப்பிவிட்ட பயம் இருக்கும். பெண்கள், "அவர் கேட்டா சரின்னுடுவேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் காதைத் தீட்டிக் காத்திருப்பது ஒரு சொல்லுக்கு: மரத்துப்போச்சு. மன அழுத்தம் ஆசையைத் தின்னும். பிறப்புறுப்பின் தோலை மரக்க வைப்பது அதன் வழக்கம் அல்ல. "வருது சார், ஆனா ஒண்ணும் தெரியலை" என்று ஒருவர் சொன்னால், அதாவது உச்சம் வந்தும் இன்பம் இல்லை என்றால், பேனாவைத் திறக்க வேண்டிய இடம் அதுதான்.

மருந்து சாப்பிடும் காலத்தில் இவை வருவது சகஜம். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்புவதில்லை. இதைச் சொன்னவர்களை, "எல்லாம் உங்க மனசுலதான்" என்று திருப்பி அனுப்பிய காலம் நீண்டது. 2019-இல்தான் ஐரோப்பிய மருந்து முகமை, நிறுத்திய பிறகும் தொல்லை நீடிக்கலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. 2022-இல் வந்த கண்டறிதல் வரையறை, நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆகியும் நீடிக்க வேண்டும் என்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ளூஆக்ஸிடின் உடம்பில் உடைந்து உண்டாகும் பொருள் பாதியாகக் குறையவே ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். கடைசி காப்ஸ்யூல் விழுங்கிய மறுநாளே நாளை எண்ணத் தொடங்கிவிடக் கூடாது.

பிரிக்கும்போது விட்டுப்போகக் கூடாதவை: சர்க்கரை, தைராய்டு, புரோலாக்டின், காலை பத்து மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், பி.பி. மாத்திரைகள். "முடி கொட்டுதுன்னு ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வியைக் கட்டாயம் கேட்கச் சொல்வேன். ஃபினாஸ்டிரைடு என்றால் இதே மாதிரித் தொல்லைக்கு இன்னொரு சந்தேகம் கிடைத்துவிட்டது. பயோட்டின் என்றால் வேறு சிக்கல்: அதிக அளவு பயோட்டின் சில லேப் முறைகளில் வைட்டமின் டி அளவை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

வைட்டமின் டிக்கு வந்துவிட்டோம். இப்போது இந்தத் தொல்லையோடு வருபவர்களில் பாதிப்பேர் கையில் மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் இருக்கும். அதில் 14 என்றோ 11 என்றோ ஓர் எண். அதைச் சுற்றிப் பேனாவில் வட்டம். "இதுதான் காரணமா சார்?" அந்த வட்டத்தைப் பார்த்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு நம்பிக்கையைச் சுற்றிப் போட்ட வட்டம் அது.

20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது பல காலமாக நாம் வைத்திருக்கும் கோடு. தென்னிந்தியாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் ஏராளம். காலை ஏழு மணி இளவெயிலில் நடந்தால் போதும் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். திருப்பதியில் செய்த ஆய்வுகளில், தோல் இந்த வைட்டமினைத் தயாரிப்பது பெரும்பாலும் பகல் 11 முதல் 2 மணி வரை என்று தெரிந்தது. அந்த நேரத்தில் நாம் ஆபீஸில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம். தேவையான கதிர் அந்தக் கண்ணாடியைத் தாண்டி வராது. ஆக, தெருவில் போகும் யாரைப் பிடித்துச் சோதித்தாலும் குறைவு வர வாய்ப்பு உண்டு. இவருக்கும் குறைவாக இருப்பதாலேயே அதுதான் மரத்துப்போனதற்குக் காரணம் என்று ஆகாது.

கேள்வி முட்டாள்தனமானது என்று சொல்ல மாட்டேன். மூளையில் செரட்டோனின் தயாரிக்கும் நொதியின் மரபணுவை வைட்டமின் டி தூண்டுகிறது என்று 2014-இல் பேட்ரிக்கும் ஏம்ஸும் எழுதினார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 18,353 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்த சோதனையில், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி மன அழுத்தம் வருவதைத் தடுக்கவில்லை. மருந்தை நிறுத்திய பின் நீடிக்கும் பாலுறவுத் தொல்லைக்கு இதைக் கொடுத்துப் பார்த்த முறையான சோதனை எதையும் நான் கண்டதில்லை. அதனால் நோயாளியிடம் இப்படிச் சொல்வேன்: "குறை இருக்கு, நிரப்புவோம். அது எலும்புக்கும் தசைக்கும். மரத்துப்போனதுக்கு இதுதான் மருந்துன்னு எழுதித் தர மாட்டேன் தம்பி."

நிரப்புவதிலும் கைப்பக்குவம் வேண்டும். 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். ஓர் இளைஞர் அதைத் தினமும் பாலில் கலந்து குடித்து வந்தார். சீக்கிரம் குணமாகட்டும் என்ற அவசரம். மருந்துக்கடையில் கேட்டபோதெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். ஓயாத தாகம், மலச்சிக்கல், வாந்தி என்று வந்தபோது கால்சியம் ஏறியிருந்தது. வைட்டமின் டி 150-ஐத் தாண்டியிருந்தது. அவரை மருத்துவ வார்டில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. அப்போதிருந்து சீட்டில் "வாரம் ஒன்று" என்று எழுதுவதோடு விடுவதில்லை. "ஞாயிறு மட்டும்" என்று எழுதி, பக்கத்தில் எட்டுக் கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். குடித்ததும் ஒரு கட்டத்தில் தேதி எழுத வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கச் சொல்கிறேன், கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உறிஞ்சும். மறு சோதனை மூன்று மாதம் கழித்துத்தான்; அதற்கு முன் பார்த்தால் அளவு நிலைக்கு வந்திருக்காது. சோதிக்க வேண்டியது 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. சில பிள்ளைகள், வேலை செய்யும் வடிவம் அதுதானே என்று 1,25-ஐ எழுதிவிடுவார்கள். குறைவு இருக்கும்போதுகூட அது சரியான அளவிலோ ஏறியோ நிற்கும், பணம்தான் வீண்.

ஒரே சமயத்தில் இரண்டு காரியம் செய்யாதே என்பது சீஃபின் இன்னொரு பாடம். வைட்டமின் டி, புப்ரோபியான், ஜிம் மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிட்டு, "கொஞ்சம் பரவாயில்லை" என்று வந்தால் எதற்கு நன்றி சொல்வது? ஒன்றை மாற்று, அரிசோனா அளவுகோலின் ஐந்து கேள்விகளையும் கேள், எண்ணைத் தேதியோடு எழுது, காத்திரு. ஐந்தில் தொடங்கி முப்பதில் முடியும் அளவுகோல் அது; பத்தொன்பதும் அதற்கு மேலும் தொல்லையைக் காட்டும். தொடு உணர்வைப் பற்றி அதில் கேள்வி கிடையாது. அதை நாமே கீழே சேர்த்து எழுத வேண்டும்.

மருந்தைக் குறைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிடாலோப்ராம் 20 மில்லிகிராம் மூளையில் செரட்டோனினை உறிஞ்சும் இடங்களில் சுமார் 80 சதவீதத்தை அடைத்துவிடும். பாதியாக்கினால் அடைப்பு பாதியாவதில்லை, கொஞ்சம்தான் இறங்கும். கீழே போகப் போகத்தான் சரிவு செங்குத்து. கடைசிப் படிகள் உயரமான மாடிப்படி மாதிரி. அதனால் கடைசி மில்லிகிராம்களை மிக நிதானமாகக் குறைக்க வேண்டும். சி.ஆர்., இ.ஆர். என்று போட்ட மாத்திரையை உடைக்கக் கூடாது. நிதானமாகக் குறைத்தால் விடுபடும் அவஸ்தை குறையும். இந்தத் தொல்லை வரவே வராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை, அப்படி வாக்குக் கொடுக்கவும் கூடாது. பயந்துபோய் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும்.

"சரியாகுமா சார்?" என்று கேட்பார்கள். சிலருக்கு மெல்ல மெல்லக் குறைகிறது, சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கிறது. நிச்சயமான மருந்து இன்று இல்லை. இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்றும் கேட்பேன். அதைக் கேட்காமல் இந்தப் புகாரோடு வந்த யாரையும் நாற்காலியிலிருந்து எழவிடக் கூடாது. கணவனோ மனைவியோ வர ஒப்புக்கொண்டால் அடுத்த முறை இருவரையும் சேர்த்து உட்கார வைப்பேன்; அன்பு போய்விட்டது என்று நினைத்துக் குமைந்துகொண்டிருப்பவரிடம், இது மருந்தோடு சம்பந்தப்பட்டது என்று மூன்றாம் மனிதர் சொன்னால் வீட்டில் பாதி சண்டை அடங்குகிறது.

பிறகு, மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கான படிவம். பி.ஜி.யை நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொல்வேன். ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, நிறுத்திய பின் குறைந்ததா இல்லையா. பழைய மருந்துக்கடை பில்லைத் தேடித்தான் தேதிகளைப் பிடிக்க வேண்டியிருக்கும். கூடவே எடுத்துக்கொண்ட மருந்துகள் என்றொரு கட்டம் இருக்கிறது. அந்த வைட்டமின் டி பாக்கெட்டையும் அதில் எழுத வேண்டும். எத்தனை, எந்தக் கிழமை என்பதோடு.