தெரியுதா?

அம்மா புது டிவி வாங்கி ஒரு மாதமாகியும் குறை தீரவில்லை. "பழைய டிவியே தேவல. இதுல எல்லாரும் ஊதிப்போயில்ல இருக்காவ" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொங்கலுக்குத் தூத்துக்குடி போனபோது பார்த்தேன். கேபிள் பெட்டியிலிருந்து டிவிக்குப் போனது மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் சத்தத்துக்கு. அந்த மஞ்சள் வயரில் 576 வரிக்கு மேல் படம் ஏறாது. டிவியில் இருப்பதோ 1080 வரி. போதாததற்கு, 4:3 அளவுப் படத்தை இழுத்து அகலத் திரை முழுக்க நிரப்பியிருந்தது. முகங்கள் வேறெப்படித் தெரியும்?

பெட்டி என்னவோ எச்.டி. பெட்டிதான். பின்னால் எச்.டி.எம்.ஐ. துளை தூசியடைந்து கிடந்தது. கடைத்தெருவில் ஒரு வயர் வாங்கிவந்து, இரண்டு சுவிட்சையும் அணைத்துச் செருகினேன். மறுபடி போட்டதும் அம்மாவிடம் ரிமோட்டைக் கொடுத்து இன்புட்டை மாற்றச் சொல்லிவிட்டு, டிவிக்குப் பின்னால் குனிந்தபடியே கேட்டேன்: "தெரியுதா?"

"தெரியுது."

அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் வந்தது அன்றைக்குத்தான்.

எண்பதுகளின் கடைசியில் எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. ஆண்டெனாவை வடமேற்கே திருப்பினால் கொடைக்கானல். கிழக்குப் பக்கமாக, கடலைப் பார்க்கத் திருப்பினால் இலங்கை ரூபவாகினி. அது 1982-லேயே தொடங்கிவிட்டது. புரியாத சிங்களத்தையும் உட்கார்ந்து பார்ப்போம், நடுவே தமிழ்ச் செய்தி வரும். காற்றடங்கிய கோடை இரவுகளில் படம் அத்தனை துல்லியமாக வரும். கடல்மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காக நின்றால் அலை வளைந்து வெகுதூரம் வரும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அப்பா அதைப் படித்ததில்லை. மாடிக்குப் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "இன்னைக்கு வரும்" என்பார். வரும்.

திருப்புவது மூன்று பேர் வேலை. அப்பா மொட்டைமாடியில் குழாயைப் பிடித்திருப்பார். அண்ணன் மாடிப்படி நடுவில். நான் டிவி முன்னால்.

"ஏல, தெரியுதா?"

"எறும்பு ஊருது!"

"இப்ப?"

"ஆள் தெரியுது. ரெண்டு ரெண்டாத் தெரியுது!"

"இப்ப?"

"போச்சு, போச்சு! பழையபடி திருப்பச் சொல்லு!"

நான் சொல்வதை அண்ணன் மேலே சொல்வான், அவர் சொல்வதைக் கீழே சொல்வான். நடுவில் தன் பங்குக்கும் ஏதாவது சேர்ப்பான். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் தொடங்கும் நேரத்தில் தெருவில் நாலைந்து மாடிகளில் இதே குரல் கேட்கும். படம் நின்றதும் அப்பா உடனே இறங்கமாட்டார். கையை எடுத்தால் போய்விடுமோ என்று கொஞ்சநேரம் பிடித்தபடியே நிற்பார். பல வெள்ளிக்கிழமைகளில் முதல் பாட்டை அவர் பார்த்ததே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

அந்த அலையில் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். அந்த இடைவெளியில்தான் ஒரு மனிதர் மாடியில் நின்று ஏதாவது செய்ய முடிந்தது. டிஜிட்டலில் அது இல்லை. சிக்னல் போதுமென்றால் முழுப்படம். ஒரு எல்லைக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். யாரும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

1993-ல் சன் டிவி வந்தது. அதையொட்டித் தெருவுக்குக் கேபிள் வந்ததும் ஆண்டெனாவின் வேலை முடிந்தது. கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குழாயில் அம்மா கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள்.

பெட்டியில் 1080-ஐயும் 16:9-ஐயும் வைத்துவிட்டு, வயர்களை ஒதுக்கிக் கட்ட ஜன்னல் பக்கம் போனேன். சட்டத்தில் அப்பா கைத்துளைப்பானால் போட்ட ஓட்டை. கேபிள்காரர் தன் கறுப்பு வயரை அதன் வழியாகத்தான் கொண்டுவந்திருக்கிறார். அதை ஒட்டியே, ஆண்டெனாவிலிருந்து இறங்கிய பழைய பட்டை வயர், வெயிலில் வெடித்து, இரண்டு முனையும் எதிலும் சேராமல்.

"அத ஏன் இன்னும் வச்சிருக்க? உருவிப் போட்டுரு" என்றாள் அம்மா.

கறுப்பு வயரோடு சேர்த்துக் கட்டிவிட்டு வந்தேன்.