யார் படிக்கப்போகிறார்கள்?

என் பிழைப்பு மென்பொருள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதியதில்லை. ஆனால் இலக்கிய நண்பர்களுக்கு உகந்த ஒரு சங்கதி அதில் உண்டு. வாடிக்கையாளருக்கு நாங்கள் அனுப்பும் மென்பொருளில் எங்கள் கைச்சரக்கு குறைவு. முகமறியாத பலர் எழுதி, எவரும் எடுத்தாளலாம் என்று பொதுவில் வைத்த நிரல்களே மிகுதி. பெரும்பாலானவை எம்ஐடி உரிமத்தில் வருபவை. திருத்தலாம், விற்கலாம், காசு கேட்பதில்லை. பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் ஒவ்வொரு பிரதியோடும் போக வேண்டும், அவ்வளவுதான். மூலநிரலைத் தராமல் இயங்கு வடிவை மட்டும் கொடுத்தாலும் கூடவரும் ஆவணத்தில் அவை இருந்தாக வேண்டும் என்று பிஎஸ்டி உரிமம் வெளிப்படையாகவே சொல்கிறது. (மூலநிரலையும் கொடு என்னும் ஜிபிஎல் தனிக்கதை.)

வெளியீட்டுக்கு முன் இவற்றைத் திரட்டி ஒரே கோப்பாக்குவது என் பொறுப்பு. நூற்றுக்கணக்கான பெயர்கள். "இதை யார் படிக்கப்போகிறார்கள்?" என்பார் சக ஊழியர் ஒருவர். படிக்கிறார்கள். 'கர்ல்' நிரலை எழுதிய ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்குக் கார் வைத்திருப்போர் உதவி கேட்டு எழுதியிருக்கிறார்கள். காரின் திரையில், உரிம வாசகத்தில், அவர் முகவரி இருந்ததால்.

குறுந்தொகையில் ஒரு புலவரின் பெயர் தொலைந்துபோக, பாட்டின் உவமையைக்கொண்டே செம்புலப்பெயனீரார் என்றழைத்தார்கள். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. நிரலில் ஏது உவமை?

பெயரை விட்டால் என்ன நட்டம் என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் ஜேக்கப்சன், மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருளைப் பலரோடு சேர்ந்து எழுதி இலவசமாக வெளியிட்டவர். அதன் கோப்புகளைத் தன் விற்பனைச் சரக்கில் சேர்த்த ஒரு நிறுவனம் ஆசிரியர் பெயர்களையும் பதிப்புரிமை அறிவிப்பையும் விட்டுவிட்டது. கீழ் நீதிமன்றம் அதைப் பதிப்புரிமை மீறலாக ஏற்கவில்லை. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றிச் சொன்னது: பணம் கைமாறாவிட்டாலும் இந்நிபந்தனைகளுக்குப் பொருளாதார மதிப்பு உண்டு, பதிப்புரிமைச் சட்டத்தின்படியே இவற்றை வலியுறுத்தலாம். 2010இல் 1,00,000 டாலருக்குச் சமரசமானது. பொம்மை ரயில் பிரியர் ஒருவரின் பிடிவாதம் எங்கள் தொழிலுக்கே அரணாயிற்று என்பேன்.

இப்போது பட்டியல் தயாரிக்கக் கருவிகள் உண்டு. ஆனால் சில தொகுப்புகளில் உரிமத்தின் பெயர் மட்டும் இருக்கும்; எழுதியவர் பெயர் இராது. கருவி திருப்தியடைந்துவிடும். நான் மூலக் களஞ்சியத்தின் பழைய பதிப்புகளில் தேடுவேன். சென்ற முறை ஒருவரைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று. அவருடைய நிரல் மொத்தம் 11 வரிகள்.